கூலி ஏறினால் மலைக்கு என்ன ஆகும்?

நாள் கூலியை உயர்த்தி அரசு அறிவிப்பு வந்தால் போதும், இரண்டு குரல் கிளம்பும். ‘இந்தக் கூலி கொடுத்தால் தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்’ என்பது ஒன்று. ‘கூலிக்காரர் கையில் காசு புழங்கினால்தானே கடைவீதி பிழைக்கும்’ என்பது மற்றது. மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலை, கட்டணமில்லாப் பேருந்து என்று அரசு செலவைக் கூட்டும்போதும் இதே இரண்டு குரல்தான், சொல் மட்டும் மாறும்.

இரண்டுமே உண்மையாகலாம். கூலி என்பது கொடுப்பவருக்குச் செலவு, வாங்குபவருக்கு வரவு. அரசுச் செலவும் அப்படியே. யாரிடமோ வரியாக வாங்கியது வேறு யாருக்கோ வரவாகிறது. எந்தப் பக்கம் கனக்கும் என்று பார்க்க மூன்று கேள்வி போதும். கூடுதல் காசு யார் பையிலிருந்து போகிறது? அவர் அதை வேறு யார் தலையிலாவது ஏற்ற முடியுமா? வாங்கியவர் அதை எங்கே செலவழிக்கிறார்?

இதைப் படிக்க நீலகிரி தோதான இடம். மலைக்குள் காசு வரும் வழியும் வெளியேறும் வழியும் கண்ணுக்குத் தெரியும். தேயிலையும் காய்கறியும் கீழே இறங்குகின்றன. சுற்றுலாப் பயணிகள் மேலே ஏறுகிறார்கள். அரிசியும் எண்ணெயும் துணியும் மேட்டுப்பாளையம் வழியாக வந்து சேர்கின்றன.

குறைந்தபட்சக் கூலி எந்தக் கணக்கில் வருகிறது

வெறும் பேரத்தில் வருவதில்லை. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு அளவுகோல் வகுத்தது: சம்பாதிக்கும் ஒருவர் மூன்று நுகர்வு அலகுகளைத் (வளர்ந்த ஓர் ஆளின் தேவையை ஒன்றாக வைத்த அளவு) தாங்க வேண்டும், ஓர் அலகுக்கு நாளுக்கு 2,700 கலோரி, நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, மொத்தக் கூலியில் 20 சதவீதம் எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு. ராப்டகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் மேல் கல்வி, மருத்துவம், விசேஷங்கள், முதுமை ஆகியவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. 72 கஜத்தில் கம்பளியும் ஸ்வெட்டரும் எங்கே வருகின்றன என்று கேட்டால் பதில் கிடையாது. ஜனவரி மாத ஊட்டியில் ஒரு வீடு எரிக்கும் விறகு அந்த 20 சதவீதத்துக்குள் அடங்குமா என்பதும் மாநாட்டில் யாரும் யோசித்த விஷயமாகத் தெரியவில்லை.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் தோட்டத் தொழில் பட்டியலிடப்பட்ட ஒரு தொழிலாக இருந்தது. கூலியை ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் திருத்த வேண்டும். நடுவில் விலைவாசிக் குறியீட்டெண் ஏறுவதைப் பஞ்சப்படி ஈடுகட்டும். 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. திருத்தம் தள்ளிப்போகும் ஆண்டுகளில்தான் சிக்கல் முளைக்கிறது. வழக்கு, இடைக்காலத் தடை என்று இழுத்து, கடைசியில் ஒரே மூச்சாகப் பெரிய உயர்வு வரும். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமாக ஏறியிருந்தால் தாங்கியிருக்கும் தோட்டம், நிலுவையோடு சேர்ந்து வரும்போது தடுமாறுகிறது.

ஒரு கிலோ இலையின் கணக்கு

கீழே வருவன கணக்குக்காக எடுத்த முழு எண்கள். அன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

பறிப்பவர் ஒருவர் நாளுக்கு 30 கிலோ பச்சை இலை பறிக்கிறார், கூலி 400 ரூபாய் என்று கொள்வோம். கிலோவுக்குப் பறிப்புக் கூலி 13 ரூபாய் 33 காசு. கூலியை 20 சதவீதம் உயர்த்தி 480 ஆக்கினால் கிலோவுக்கு 16 ரூபாய். நாலு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான இலையில் ஒரு கிலோ தூள் வரும். நாலு என்றே வைத்தால், ஒரு கிலோ தூளுக்குச் செலவு 10 ரூபாய் 67 காசு கூடுகிறது.

இனி விற்கும் இடம். தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. அங்கே கேட்பவர் நீலகிரிக் கூலியைப் பார்த்து விலை கேட்பதில்லை. அசாம் தூள் என்ன விலை, கென்யாவில் விளைச்சல் எப்படி, தன் கலவைக்கு இந்தத் தூள் எவ்வளவு தேவை என்று பார்த்துக் கேட்கிறார். கூலி உயர்ந்ததற்காக ஏல விலை பத்து ரூபாய் ஏறாது. ‘முதலாளி லாபத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்’ என்ற வாதமும் ‘விலையில் ஏற்றிக்கொள்ளட்டும்’ என்ற வாதமும் இந்த இடத்தில் வந்து முட்டுகின்றன. விலையில் ஏற்ற வழியில்லை. ஆக லாபம் குறைய வேண்டும், அல்லது அதே ஆள் பறிக்கும் எடை கூட வேண்டும், அல்லது ஆள் குறைய வேண்டும்.

எடை கூடுவது எளிதாகத் தெரியும். 30 கிலோ 36 ஆனால் கிலோவுக்கான கூலி பழைய 13 ரூபாய் 33 காசுக்கே வந்துவிடும். கத்தரி வைத்துப் பறிப்பதும் மெஷின் வைத்து வெட்டுவதும் பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆனால் கத்தரி இரண்டு இலை ஒரு மொட்டு பார்த்து எடுக்காது. முற்றிய இலையும் தண்டும் சேர்ந்து வரும். தூளின் தரம் இறங்கினால் ஏல விலையும் இறங்கும். மிச்சம் பிடித்த காசு அந்தப் பக்கமாகப் போய்விடும்.

மூணாறில் நடந்ததை இந்தக் கணக்கோடு படிக்க வேண்டும். 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்ட பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுப் போராடினார்கள். 20 சதவீத போனஸும் 500 ரூபாய் நாள் கூலியும் கேட்டார்கள். அதையடுத்து 232 ரூபாயாக இருந்த கூலி 301 ஆனது. கூடவே நாளுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்ச எடை 21 கிலோவிலிருந்து 25 ஆனது. நாள் கூலி 30 சதவீதம் ஏறியதாகத் தெரியும். கிலோவுக்கு வகுத்தால் 11 ரூபாய் 5 காசு 12 ரூபாய் 4 காசு ஆகியிருக்கிறது, ஏற்றம் 9 சதவீதம்தான். கூலி உயர்வுச் செய்தி எதைப் படித்தாலும் கையோடு எடையையும் தேடிப் படியுங்கள்.

சிறு விவசாயி எங்கே நிற்கிறார்

எஸ்டேட்டை மட்டும் வைத்து வாதம் செய்தால் பாதி மாவட்டம் விடுபட்டுவிடும். கோத்தகிரி, குந்தா பக்கம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இலையைப் பாக்டரிக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு விலை ஒரு பங்கீட்டுக் கணக்கில் வருகிறது: தூள் விற்ற காசில் 65 சதவீதம் இலைக்கு, 35 சதவீதம் பாக்டரிக்கு.

தூள் 120 ரூபாய்க்குப் போனால் இலைப் பங்கு 78 ரூபாய். நாலால் வகுத்தால் கிலோ இலைக்கு 19 ரூபாய் 50 காசு. பறிப்புக் கூலி 13.33 போக மிச்சம் 6.17. அதில்தான் உரம், கவாத்து, மருந்து, வண்டி வாடகை, வீட்டுச் செலவு எல்லாம். கூலி 20 சதவீதம் ஏறினால் மிச்சம் 3.50 ஆகிறது. கூலி ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் விவசாயியின் மிச்சம் பாதிக்குக் கிட்டத்தில் வந்து விழுகிறது!

அடுத்து நடப்பது தோட்டத்தில் நேரடியாகத் தெரியும். முதலில் உரம் நிற்கும். பிறகு பறிப்புச் சுற்று நீளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பறித்தது மூன்று வாரம் ஆகும். இலை முற்றும். பாக்டரி எடையில் கழிக்கும், விலையிலும் குறைக்கும். தூள் மட்டமாகி ஏலத்தில் தேங்கும். அடுத்த மாதம் இலை விலை இன்னும் இறங்கும். கடைசியில் விவசாயி நாள் கூலிக்கு ஆள் வைப்பதை விட்டுக் கிலோ கணக்குக்கு மாறுகிறார், அல்லது வீட்டு ஆட்களோடு தானே கூடையைத் தூக்கிக்கொள்கிறார். சட்டப்படியான கூலி இங்கே பெரும்பாலும் காகிதத்தில்தான். ஆனால் பக்கத்து எஸ்டேட்டில் கூலி ஏறினால் இங்கேயும் ஏற்றிக் கொடுக்காமல் ஆள் வராது. அறிவிப்பு எஸ்டேட்டுக்கு வந்தாலும் அதன் சூடு இவர் வரைக்கும் வரும்.

கூலி உயர்வே கூடாது என்று இதை வைத்துச் சொல்வது சோம்பேறித்தனம். இங்கே அடிபடுவது 120 ரூபாய் என்ற விலை. கூலியைத் தொடும் கொள்கை விலையையும் தரத்தையும் தொடாவிட்டால், ஏழைத் தொழிலாளியின் வரவு ஏழை விவசாயியின் பையிலிருந்து போகும். இண்ட்கோ கூட்டுறவுப் பாக்டரிகளைச் சீரமைப்பது, நல்ல இலைக்குக் கூடுதல் விலை தருவது போன்ற செலவுகள் கூலி உயர்வோடு சேர்ந்தே வர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மற்ற தொழில்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஊட்டி லாட்ஜ் சீசனில் அறை வாடகையில் ஏற்றிவிடும். கொடுப்பவர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவர். டீக்கடை ஒரு ரூபாய் கூட்டும். கேத்தி பாலாடா கேரட் விவசாயி ஏற்ற முடியாது. தோண்டி, மெஷினில் கழுவி, லாரி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும்போது அங்கே கர்நாடகக் கேரட்டும் வந்து நிற்கும். விலை அங்கேதான் முடிவாகும்.

கூலி ஏறினால் வேலை குறைந்தே தீருமா

பாடப்புத்தகத்தின் முதல் வரைபடம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆள் தேடுபவர்கள் பலர், தொழிலாளி நினைத்தால் மாறலாம். எஸ்டேட் கொடுக்கும் லைன் வீட்டில் குடியிருப்பவர் நினைத்தால் மாற முடியாது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பக்கத்து எஸ்டேட் பல கிலோமீட்டர். இந்த நிலையை விளக்கப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இலேயே ஒரு கருவி கொடுத்தார்: ஆள் வாங்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால் என்ன நடக்கும் என்ற கணக்கு.

ஒரு எஸ்டேட் 400 ரூபாய்க்கு 100 பேரை வைத்திருக்கிறது. இன்னும் 10 பேர் வேண்டுமென்றால் 420 கொடுத்தால்தான் வருவார்கள். புதியவருக்கு 420, பழையவருக்கு 400 என்று கொடுக்க முடியாது, எல்லாருக்கும் 420. மொத்தச் செலவு 40,000இலிருந்து 46,200 ஆகிறது. பத்துப் பேருக்காக 6,200, அதாவது தலைக்கு 620 ரூபாய். புதிய ஆள் பறிக்கும் இலை 500 ரூபாய் பெறுமானம் என்றால் எஸ்டேட் அவரை எடுக்காது. ‘ஆள் பற்றாக்குறை’ என்று சொல்லிக்கொண்டே கூலியை ஏற்றாமல் இருக்கும். இப்போது சட்டமே எல்லாருக்கும் 420 என்று வைத்துவிட்டால், அந்தக் கூடுதல் பத்துப் பேருக்கு ஆகும் செலவு தலைக்கு 420 மட்டும். எடுத்துக்கொள்ளும். கூலியும் ஏறியது, வேலையும் ஏறியது.

இதற்கும் எல்லை உண்டு. சட்டக் கூலி 500ஐத் தாண்டினால் அந்தப் பத்துப் பேர் மறுபடியும் வெளியே. இன்னும் ஏறினால் பழையவர்களிலும் சிலர் வெளியே. கூலி எவ்வளவு ஏறலாம் என்ற கேள்விக்குப் பதில், பறிக்கும் இலையின் பெறுமானத்துக்கும் இப்போதைய கூலிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான். நல்ல விலைக்குப் போகும் எஸ்டேட்டில் அந்த இடைவெளி அகலம். மட்டமான தூள் போடும் தோட்டத்தில் இல்லவே இல்லை என்றும் இருக்கலாம்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்து பென்சில்வேனியா ஆக்கவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறையவில்லை என்று 1994இல் எழுதினார்கள். சம்பளப் பட்டியல்களை எடுத்துப் பார்த்த நியூமார்க்கும் வாஷரும் குறைந்தது என்று 2000இல் மறுத்தார்கள். முதலிருவரும் அரசுத் தரவை வைத்துப் பதில் சொன்னார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சண்டை மட்டும் ஓயவில்லை.

அரசு கொடுக்கும் ஆயிரம் ரூபாய் எத்தனை கை மாறும்

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியபோது ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,700 கோடி அளவுக்கு வரும். ஒருவர் செலவு இன்னொருவர் வரவு என்பதால் இந்த ஆயிரம் பல சுற்று வரும். இதற்குப் பெருக்கி என்று பெயர். கான், கெயின்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1930களில் வளர்த்த கருத்து.

எத்தனை சுற்று வரும் என்பது ஒவ்வொரு கையிலும் எவ்வளவு வெளியே ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. கூடலூர் மளிகைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. கடைக்காரரின் லாபம், கடைப் பையனின் சம்பளம், வண்டி வாடகை போன்றவைதான் மலையில் தங்கும். 100க்கு 30 தங்குகிறது என்று வைத்தால் மாவட்டத்துக்குள் 300, 90, 27 என்று சுருங்கி மொத்தம் 430 ரூபாய் அளவுக்கு வரவு உண்டாகும். தமிழ்நாடு முழுவதையும் ஒரே வட்டமாகக் கொண்டு 100க்கு 60 தங்குகிறது என்றால் 600, 360, 216 என்று போய் 1,500 ஆகும். ஒரே ஆயிரம்தான். வட்டத்தைச் சிறிதாகப் போட்டுப் ‘பலனில்லை’ என்றும் பெரிதாகப் போட்டு ‘பலன் ஒன்றரை மடங்கு’ என்றும் யாரும் பேசலாம். வட்டம் எது என்று கேட்காமல் வாதத்தில் இறங்க வேண்டாம்.

ஊரில் சும்மா கிடக்கும் ஆளும் சரக்கும் இருந்தால்தான் பெருக்கி உற்பத்தியைக் கூட்டும். எல்லாரும் ஏற்கெனவே வேலையில் இருந்தால் விலையைத்தான் கூட்டும். நீலகிரியில் இதை மாதம் வைத்தே சொல்லலாம். உறைபனிக்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரியில் இலை வராது, வேலையும் இராது. அப்போது நூறு நாள் வேலை கொடுத்தால் யாருக்கும் ஆள் குறையாது. ஏப்ரல், மே மாதத்தில் இலை கொட்டும்போது அதே வேலையைக் கொடுத்தால் தோட்டக்காரர் ஆளுக்குப் போட்டி போட வேண்டும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நிறைவேற்றிய புதிய சட்டம் நாள் கணக்கை 125 ஆக்கியது. விதைப்பு, அறுவடை மும்முரத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. விவசாயிக்கு இது நிம்மதி. தொழிலாளிக்கு, கூலியைக் கேட்டு வாங்கப் பலம் உள்ள அந்த இரண்டு மாதத்தில் மாற்று வேலை இல்லை. ஒன்றுபட்ட ஆந்திராவில் நூறு நாள் வேலைக் கூலி ஒழுங்காகக் கைக்கு வரச் செய்த ஸ்மார்ட் கார்டு ஏற்பாட்டை ஆராய்ந்தவர்கள், ஏழை வீடுகளின் வருமான உயர்வில் பெரும்பகுதி தனியார் வேலையின் கூலி ஏறியதால் வந்தது என்றும், தனியார் வேலைவாய்ப்பு குறையவில்லை என்றும் கண்டார்கள். மாற்று வேலை ஒன்று இருப்பதே பேரத்தில் பாதி பலம்.

கட்டணமில்லாப் பேருந்தும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. சமவெளியில் 2021இல் வந்தது, மலைப்பகுதிக்கு 2024இல் நீட்டிக்கப்பட்டது. மிச்சமாகும் டிக்கெட் காசு சின்ன விஷயம். லைன் வீட்டுப் பெண் குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு கடை வேலைக்குப் போய்வர முடிகிறது என்றால், மேலே சொன்ன ‘ஆள் வாங்கும் இடம் ஒன்றே ஒன்று’ என்ற நிலை தளர்கிறது. கூலிச் சட்டம் எதையும் தொடாமலே கூலியை அசைக்கும் செலவு இது.

காசு எங்கிருந்து

மாநிலத்தின் சொந்த வரியில் ஜி.எஸ்.டி., பெட்ரோல், டீசல், மது மீதான வரி, பத்திரப்பதிவு ஆகியவைதான் பெரிய இனங்கள். சம்பாதிப்பவரிடம் விகிதம் கூட்டி வாங்கும் வருமான வரி ஒன்றிய அரசின் கையில். ஏழைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஏழை வாங்கும் சோப்பிலும் பாட்டிலிலும் இருந்தே திரட்டப்படுகிறது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று மட்டும் எண்ணாமல், எவ்வளவு போனது என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். வரி போதாவிட்டால் கடன். 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதம் என்ற வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு இருப்பதால் ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும். மழைக்கு மண் சரிந்து குன்னூர் சாலை அடைபட்டால் கேரட் லாரி நிற்கும், இலை வண்டி நிற்கும். தடுப்புச் சுவருக்கும் உரிமைத் தொகைக்கும் நடுவில் போட்டி என்று யாரும் மேடையில் பேசுவதில்லை, பட்ஜெட்டில் அது உண்டு.

சொந்தமாக ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்குப் பந்தலூர் வட்டம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாடு. அங்கேயும் தேயிலை, அங்கேயும் ஏறக்குறைய இதே மழை, ஆனால் கூலியை அறிவிப்பது வேறு அரசு. நியூஜெர்சி ஆய்வின் அமைப்பு அப்படியே கிடைக்கிறது. நாள் கூலி, குறைந்தபட்ச எடை, வேலை கிடைத்த நாள்கள், தற்காலிக ஆட்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கூலி மாறுவதற்கு ஒரு ஆண்டு முன்னும் ஒரு ஆண்டு பின்னும் இரு பக்கத்திலும் எடுக்க வேண்டும். அதே காலத்தில் ஏல விலை மாறியிருந்தால் அது இரு பக்கத்தையும் ஒன்றுபோலத் தொடும், கழிந்துவிடும். கேரளத்தின் ஓய்வூதியமும் தமிழ்நாட்டின் உரிமைத் தொகையும் கழியாது. தனியே எழுதிவைக்க வேண்டும். எல்லையைத் தாண்டி தினம் வேலைக்குப் போய்வருபவர்கள் இருந்தால் ஒப்பீடே கலங்கும், ஏனென்றால் ஒரு பக்கக் கூலி மறுபக்கத்தையும் இழுக்கும். முதலில் எண்ண வேண்டியது காலையில் சோதனைச் சாவடியைக் கடக்கும் ஜீப்புகளைத்தான்.